ஆன்ட்பூரில் ஓர் இரவு

டிசம்பர் 24-ஆம் தேதி மாலை. பேலூர் மடத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரின் திருக்கோயிலில் அன்றாட ஆரதி நிறைவு பெறுகிறது. வழக்கமான நாளாக இருந்தால் துறவியர் சிறிது நேரம் ஜபத்தில் அமர்ந்துவிட்டு எழுந்து செல்வார்கள். அன்று அப்படியில்லை. அன்னை மரியாள் குழந்தை ஏசுவைத் தாங்கியிருக்கும் திருவுருவப் படம் மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னே மெழுகுவர்த்திகள் சுடர் விடுகின்றன. பழங்களும் இனிப்புகளும் கேக்கும் நிவேதனம் ஆகின்றன. காவியுடை தரித்த துறவி ஒருவர் பைபிளைத் திறந்து, பெத்லகேமில் இடம் கிடைக்காமல் முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தையின் வரலாற்றை வாசிக்கிறார். பின்னர் கேரல் பாடல்கள் ஒலிக்கின்றன. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹிந்துக்கள்.

இராமகிருஷ்ண மடத்தின் கிளைகள் பலவற்றிலும் இவ்விழா நடைபெறுகிறது. டிசம்பர் நெருங்கும்போது அன்பர்கள் சிலர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு: "நாம் கிறிஸ்தவர்கள் அல்லவே, நாம் ஏன் இதைக் கொண்டாட வேண்டும்?" கேள்வி ஒன்றாயினும் அது இருவேறு உள்ளங்களிலிருந்து எழுகிறது. சிலருக்கு இது அறியும் ஆவல் மட்டுமே. வேறு சிலருக்கோ நெஞ்சில் ஒரு வருத்தம் இருக்கிறது. தங்கள் உறவினர் ஒருவர் மதம் மாறியதையோ, தங்கள் தெய்வங்களை யாரோ தெருவில் நின்று இழித்துப் பேசியதையோ அவர்கள் மறக்கவில்லை. "அவர்கள் நம் ஜன்மாஷ்டமியைக் கொண்டாடுகிறார்களா?" என்றும் அவர்கள் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடுவது முறையன்று.

பொதுவாகச் சொல்லப்படும் விடை, 'எல்லா மதங்களும் ஒரே இறைவனிடம் அழைத்துச் செல்கின்றன' என்பது. அது உண்மையே. ஆயினும் உண்மையான ஒரு வாக்கியமும் அடிக்கடி சொல்லப்பட்டால் பொருளிழந்து, விழா மேடைகளில் வழங்கும் பொன்னாடை போலாகிவிடுகிறது. போர்த்தியவரும் அதை மறந்துவிடுகிறார், பெற்றவரும் மறந்துவிடுகிறார். எல்லா மதங்களும் ஒன்று என்று சொல்பவர் அவற்றுள் ஒன்றையேனும் ஆழ்ந்து வாழ்ந்து பார்த்திருக்கிறாரா என்பதே கேள்வி.

இன்னொரு விடை தெருவிலேயே கிடைக்கிறது. வங்காளிகள் கிறிஸ்துமஸை 'பொரொதின்', அதாவது 'பெரிய நாள்' என்று அழைக்கிறார்கள். கொல்கத்தாவின் பார்க் தெரு விளக்கொளியில் மிதக்க, குடும்பம் குடும்பமாக மக்கள் திரள்கிறார்கள். நியூ மார்க்கெட்டில், பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்று 1902-ஆம் ஆண்டு தொடங்கிய நாஹும் கடையில் கேக் வாங்க நீண்ட வரிசை நிற்கிறது. கடை யூதருடையது, வரிசையில் நிற்பவர்களிலோ ஹிந்துக்களே மிகுதி, வாங்குவது கிறிஸ்து பிறப்பு விழாவிற்கான கேக்! இதை வெறும் கேளிக்கை என்று இகழத் தேவையில்லை. அயலார் வீட்டில் குழந்தை பிறந்தால் இனிப்பு உண்பதற்கு யாரும் தத்துவ விசாரம் செய்வதில்லை. ஆனால் பேலூர் மடத்தின் மெழுகுவர்த்திகள் இந்தக் குதூகலத்திலிருந்து ஏற்றப்பட்டவை அல்ல. அவற்றின் சுடர் வேறொரு நெருப்பிலிருந்து வந்தது. அதைக் காண 1886-ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி காசிப்பூர்த் தோட்ட வீட்டில் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். அவருக்குப் பணிவிடை செய்துவந்த இளைஞர்கள் திடீரென்று அநாதைகளாயினர். தோட்ட வீட்டின் வாடகைக் காலம் முடிந்தது. இல்லற அன்பர்களில் பலர், 'பையன்கள் வீடு திரும்பிப் படிப்பைத் தொடரட்டும்' என்றே கருதினர். அதில் தவறு காணவும் இயலாது. பெற்றோர் காத்திருந்தனர், தேர்வுகள் காத்திருந்தன. சிலர் வீடு திரும்பவும் செய்தனர். சுரேந்திரநாத் மித்ரர் என்ற அன்பர் மட்டும் முன்வந்து பொருளுதவி செய்ததால், வராகநகரில் பாழடைந்த வீடொன்று வாடகைக்கு அமர்ந்தது. அவ்விளைஞர்களின் தலைவரான நரேந்திரருக்கு வயது 23. தந்தை 1884-இல் காலமாகிவிட்டார். தாயும் தம்பியரும் வறுமையில் வாடினர். மூதாதையர் வீட்டைக் குறித்து உறவினருடன் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பகலில் வீட்டுக் கவலை, இரவில் வராகநகர். அந்நிலையில் துறவு என்பது இன்னும் ஓர் ஏக்கமாக இருந்ததேயன்றி முடிவாகவில்லை.

டிசம்பர் மாதத்தில், குருபாயி பாபுராமின் அன்னை மாதங்கினி தேவி தம் ஊராகிய ஆன்ட்பூருக்கு வருமாறு நரேந்திரரை அழைத்தார். ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் அது. சரத், சசி, தாரக், காளி, நிரஞ்சன், கங்காதரர், சாரதா ஆகியோரும் உடன் புறப்பட்டனர். கிராமத்தின் அமைதியும் அந்த அன்னையின் உபசரிப்பும் அவர்களது உள்ளத்தை நெகிழ்த்தின. நாள்தோறும் தியானம், பஜனை, குருதேவரைப் பற்றிய பேச்சு என்று பொழுது சென்றது.

ஓரிரவு வீட்டிற்கு வெளியே திறந்தவெளியில் பெரிய மரக்கட்டைகளை அடுக்கித் துனி வளர்த்தனர். துனி என்பது துறவியர் தங்கள் முன் வளர்க்கும் தவ நெருப்பு. மேலே விண்மீன்கள். நெடுநேரம் தியானம் நிகழ்ந்தது. அது முடிந்ததும் நரேந்திரர் பேசத் தொடங்கினார். குருதேவரைப் பற்றியோ உபநிடதங்களைப் பற்றியோ அன்று அவர் பேசவில்லை. ஏசுநாதரின் வரலாற்றைச் சொன்னார். பிறப்பு முதல் சிலுவை வரையிலும், அதற்கப்பாலும், அவருடைய சீடர்கள் நாடு நாடாகச் சென்று அந்தச் செய்தியைச் சுமந்தது வரையிலும் சொன்னார். நரிகளுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறைவிடம்கூட இல்லாமல், தலை சாய்க்க இடமின்றித் திரிந்த ஒருவரின் வாழ்க்கை அது. வாடகை வீட்டை நம்பியிருந்த அந்த இளைஞர்களுக்கு அதைப் புரிந்துகொள்ள உரை நூல் எதுவும் தேவைப்படவில்லை. குருவை இழந்த சீடர்களின் கலக்கமும் அவர்களுக்குத் தெரிந்ததே. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எருசலேமில் கதவடைத்து ஒடுங்கியிருந்தவர்களின் கதை, அவர்களுடைய கதையாகவே இருந்தது.

நீங்களும் அவ்வாறே ஆகுங்கள், உலகின் நன்மைக்காக அனைத்தையும் துறந்து இறைவனை உணருங்கள் என்று நரேந்திரர் அறைகூவினார். அவர்கள் எழுந்தார்கள். நெருப்பையும் விண்மீன்களையும் ஒருவரையொருவரையும் சாட்சியாக வைத்து, துறவை மேற்கொள்வதாகச் சங்கல்பம் செய்தார்கள். விரஜா ஹோமம் செய்து முறைப்படி சன்னியாசம் ஏற்றது பின்னர், 1887-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வராகநகரில் நிகழ்ந்தது. ஆயினும் முடிவு எடுக்கப்பட்டது இந்தத் துனியின் அருகில்தான். அன்று கிறிஸ்து பிறப்பிற்கு முந்தைய இரவு என்பது அவர்களில் எவருக்கும் அப்போது நினைவில்லை. பின்னரே தெரிய வந்தது. வியப்பில் ஆழ்ந்தார்கள்.

இதில் தேதியின் அதிசயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. ஏசுநாதர் பிறந்த நாள் எது என்று நற்செய்தி நூல்கள் கூறவில்லை. டிசம்பர் 25 என்பது ரோமானியத் திருச்சபையில் நான்காம் நூற்றாண்டில் நிலைபெற்ற வழக்கம். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ஆம் தேதியே கொண்டாடுகிறது. எனவே பஞ்சாங்கத்தைக் கொண்டு எதையும் நிறுவ வேண்டியதில்லை. கருத வேண்டியது வேறு: அந்த ஒன்பது பேரும் விழா என்று அறியாமலே ஒரு விழாவைக் கொண்டாடினார்கள். அங்கே கேக் இல்லை, பாடல் இல்லை, படமும் இல்லை. ஒரு வாழ்க்கை சொல்லப்பட்டது, அதைக் கேட்டவர்களின் வாழ்க்கை மாறியது. இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியர் இன்று மெழுகுவர்த்தி ஏற்றுவது நல்லிணக்கத்தைக் காட்டுவதற்காக அன்று. அந்த இரவில் பெற்றதற்கான நன்றியே அது.

ஆனால் ஓர் ஐயம் எழலாம். உபநிடதங்களும் புத்தரும் சங்கரரும் பிறந்த நாட்டில், துறவுக்கு முன்மாதிரி தேட நாசரேத்து வரை போவானேன்? நரேந்திரர் புத்தரிடம் கொண்ட பக்தி புகழ் பெற்றது. அதே ஆண்டில்தான் அவர் காசிப்பூரிலிருந்து ஒருவரிடமும் சொல்லாமல் புத்தகயைக்குச் சென்று போதி மரத்தடியில் அமர்ந்து வந்தார். ஆகவே ஏசுநாதரை நாடியதற்குக் காரணம் பற்றாக்குறை அன்று. அவர் வளர்ந்த வங்காளத்தில் ஏசுநாதரைப் பற்றிய பேச்சு அப்போதே அறுபது ஆண்டுகளைக் கடந்திருந்தது.

ராஜாராம் மோகன்ராய் 1820-ஆம் ஆண்டு, நற்செய்தி நூல்களிலிருந்து ஏசுநாதரின் அறவுரைகளை மட்டும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அற்புதங்களையும், திருச்சபையின் கோட்பாடுகளுக்கு அடிப்படையான வரலாற்றுப் பகுதிகளையும் விட்டுவிட்டார். ஒரு ஹிந்து ஏசுவைப் போற்றினால் பாதிரிமார்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்தது நேர்மாறு. ஆன்ட்பூர் இருக்கும் அதே ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீராம்பூரிலிருந்த ஜோஷுவா மார்ஷ்மன் கடுமையாக மறுத்தார். 'ஏசு யார் என்பதை விட்டுவிட்டு, ஏசு சொன்னதை மட்டும் எடுப்பது எப்படி?' என்பது அவரது வாதத்தின் சாரம். ராம் மோகன்ராய் மூன்று விடை நூல்கள் எழுதினார். மூன்றாவதை அச்சிட மிஷனரிகளின் அச்சகம் மறுக்கவே, தாமே அச்சகம் நிறுவ வேண்டியதாயிற்று. பின்னர் வந்த கேசவ சந்திர சேனர், 1866-இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், ஏசுநாதர் ஆசியாவைச் சேர்ந்தவர் என்பதை உருக்கத்தோடு எடுத்துரைத்தார். நரேந்திரரோ கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். அந்தக் கல்லூரியின் முதல்வர் ஹேஸ்டி, வகுப்பில் ஆங்கிலக் கவிதை ஒன்றை விளக்கும்போது, பரவச நிலையைக் காண வேண்டுமானால் தட்சிணேசுவரத்திற்குச் செல்லலாம் என்று கூறியதாக வரலாறு. ஒரு பாதிரியார் மாணவரை ஸ்ரீராமகிருஷ்ணரிடம் அனுப்புகிறார். ஸ்ரீராமகிருஷ்ணரின் மாணவர் துனியின் முன் கிறிஸ்துவைப் பேசுகிறார். இந்த நாட்டில் இத்தகைய கொடுக்கல் வாங்கல்கள் புதியவை அல்ல.

மார்ஷ்மனுக்கும் ராம் மோகன்ராய்க்கும் இடையே நடந்த வழக்கில் இருவரிடமும் ஓரளவு நியாயம் இருந்தது. அது தர்க்கத்தால் தீர்ந்திருக்கக்கூடியதன்று. அதை வேறு வழியில் கடந்தவர் ஸ்ரீராமகிருஷ்ணர். அவர் வாதம் செய்யவில்லை, நூல் எழுதவில்லை. சம்பு சரண் மல்லிக் என்ற அன்பர் பைபிளை வாசிக்கக் கேட்டார். தட்சிணேசுவரக் கோயிலுக்குத் தெற்கே யதுநாத் மல்லிக்கின் தோட்ட வீடு இருந்தது. அங்கே 1874-ஆம் ஆண்டு வாக்கில் ஒருநாள் அமர்ந்திருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தில் அவரது பார்வை பதிந்தது. தாயின் மடியில் குழந்தை ஏசு. படம் உயிர்பெற்றது போலவும், அதிலிருந்து ஒளிக்கதிர்கள் எழுந்து தம் உள்ளத்தில் புகுவது போலவும் அவர் உணர்ந்தார். காலங்காலமாக ஊறிய சம்ஸ்காரங்கள் அடித்துச் செல்லப்படுவதைக் கண்டு, 'அம்மா, என்ன செய்கிறாய்?' என்று காளியிடம் கதறினார். மூன்று நாட்கள் காளி கோயிலுக்குச் செல்லும் எண்ணமே எழவில்லை. அதன் நிறைவில், பஞ்சவடியில் உலவிக்கொண்டிருந்தபோது அயல்நாட்டவர் போன்ற ஒருவர் எதிரே வருவதைக் கண்டார். நீண்ட அழகிய கண்கள். மூக்கின் நுனி மட்டும் சற்றே தட்டையானது. இவரே ஏசு என்ற உணர்வு உள்ளே எழ, அவ்வுருவம் அவரைத் தழுவி அவருள் கலந்தது. சுவாமி சாரதானந்தர் எழுதிய குருதேவரின் வாழ்க்கை வரலாற்றில் இது விரிவாக உள்ளது. பிற்காலத்தில், யூதர்களின் மூக்கு நீண்டிருக்குமே என்று படித்த சீடர்கள் சொன்னபோதும், தாம் கண்டது தட்டையான மூக்குதான் என்பதில் அவர் மாறவில்லை.

ராம் மோகன்ராய் அறவுரையை எடுத்துக்கொண்டு ஆளை ஒதுக்கினார். குருதேவருக்கோ ஆளே எதிரில் வந்தார். அவரது அறையில், தெய்வப் படங்களின் வரிசையில், நீரில் மூழ்கும் பேதுருவை ஏசுநாதர் கைகொடுத்துத் தூக்கும் படமும் இடம்பெற்றது.

ஆனால் இந்தக் காட்சிக்குப் பிறகு குருதேவர் கிறிஸ்தவக் கருத்துக்கள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டாரா? இல்லை. கிறிஸ்தவ நூல் ஒன்றை ஒருவர் வாசித்துக் காட்டியபோது, அதில் பாவம் பாவம் என்ற பேச்சே நிரம்பியிருந்ததாகக் குறைபட்டுக்கொண்டார். நான் பாவி என்று இரவும் பகலும் சொல்பவன் பாவியாகவே ஆகிவிடுவான் என்பது அவரது உறுதியான கருத்து. ஏசுநாதரைத் தழுவிய அதே வாயிலிருந்து இந்த மறுப்பும் வந்தது. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பது முக்கியம். பிறர் வணங்குபவரை வணங்குவதற்கு, அவர்கள் நம்புவது அனைத்தையும் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாறுபாட்டை மறைத்துப் புன்னகைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று நாட்களுக்குப் பின் குருதேவர் மீண்டும் காளி கோயிலுக்குச் சென்றார் என்பதும் நினைவிற்கு உரியது. தம் இஷ்டதெய்வத்தை அவர் இழக்கவில்லை. வீட்டு மருமகள் மாமனார், மாமியார், மைத்துனர் என அனைவருக்கும் அன்போடு தொண்டு செய்கிறாள், ஆயினும் கணவனோடு அவளுக்குள்ள உறவு வேறு யாருடனும் இல்லை என்று இஷ்ட நிஷ்டையை அவர் விளக்குவதுண்டு. ஒருவகையில், நிஷ்டை இல்லாதவரே பிற வழிபாட்டைக் கண்டு அஞ்சுகிறார். தன் வீட்டின் அடித்தளம் உறுதியானது என்று தெரிந்தவருக்கு, விருந்தினர் வருகையால் சுவர் இடிந்துவிடும் என்ற பயம் எழுவதில்லை.

இனி, வருத்தத்தோடு கேட்பவரின் கேள்வி. 'நம்மை இகழ்பவர்களின் விழாவை நாம் ஏன்?' இந்த வருத்தம் சுவாமி விவேகானந்தருக்குப் புதியதன்று. அவர் அதை மூடி வைக்கவுமில்லை. 1893 செப்டம்பர் 20-ஆம் தேதி, சிகாகோ சர்வமத மகாசபையில் கிறிஸ்தவர்களையே நோக்கி, பட்டினியால் மடியும் மக்களுக்கு உணவளிக்காமல் ஆன்மாவைக் காப்பாற்ற ஆட்களை அனுப்புகிறீர்களே என்று இடித்துரைத்தார். அழைத்தவர்களின் மேடையிலேயே நின்று சொன்ன சொல் அது. ஆனால் அவரே, பரிவ்ராஜகராகத் திரிந்த காலத்தில் கீதையோடு 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' என்ற நூலையும் தம்முடன் வைத்திருந்தார். அதன் முதல் சில அத்தியாயங்களை 1889-ஆம் ஆண்டு வங்காளத்தில் மொழிபெயர்த்து, நம் சாஸ்திரங்களிலிருந்து ஒப்புமைகளையும் அடிக்குறிப்பாகத் தந்தார். அதன் முன்னுரையிலும் அக்காலப் பாதிரிமார்களின் சொகுசு வாழ்வைத் தலை சாய்க்க இடமில்லாதிருந்தவரோடு ஒப்பிட்டுக் காட்டத் தவறவில்லை. 1900 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏசுநாதரைப் பற்றி உரையாற்றியபோது, கீழைநாட்டவனாகிய தாம் அவரை வணங்குவதானால் இறைவனாகவே வணங்க முடியும், நல்லாசிரியராக மட்டும் கருத இயலாது என்றார்.

கிறிஸ்துவை அளப்பதற்குக் கிறிஸ்தவர்களின் நடத்தையை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பது இதில் தெளிவு. அதே அளவுகோலால் அளந்தால் ஸ்ரீராமரின் கதி என்னாகும், ஸ்ரீகிருஷ்ணரின் கதி என்னாகும் என்பதை அவரவர் தமக்குள் கேட்டுப் பார்க்கலாம். பலன் கருதி மதம் மாற்றுவதை எதிர்ப்பவர் எதிர்க்கட்டும். அது தனி வழக்கு, அதற்கான வாதங்கள் தனி. அந்த வழக்கில் முன்னணையில் கிடந்த குழந்தையைக் குற்றவாளியாகச் சேர்ப்பது மட்டும் பொருந்தாது. 'அவர்கள் நம் விழாவைக் கொண்டாடுகிறார்களா' என்று கணக்குப் பார்ப்பதும் அப்படியே. மொய்ப்பணம் எழுதும் நோட்டில் பக்தியைப் பதிவு செய்ய முடியாது.

எதிர்ப்புறத்திலிருந்து வரும் மறுப்பு இதனினும் ஆழமானது. சிந்திக்கும் கிறிஸ்தவர் ஒருவர் இவ்வாறு கூறலாம்: 'ஏசுவை நீங்கள் உங்கள் அவதாரங்களில் ஒருவராக ஆக்கிக்கொள்கிறீர்கள். எங்களுக்கோ அவர் பலருள் ஒருவர் அல்லர். உங்கள் அன்பு, அவரைச் சிறிதாக்கும் அன்பு.' இதற்கு எளிய விடை இல்லை. 'அவ்வப்போது அவதரிக்கிறான்' என்பதும் 'ஒரே ஒருமுறை அவதரித்தான்' என்பதும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றெனச் சொல்வது இரு தரப்பாருக்கும் இழைக்கும் அநீதி. ஹிந்து ஏசுநாதரை வணங்கும்போது கிறிஸ்தவர் வணங்குவதைப் போலவே வணங்குகிறார் என்று உரிமை கொண்டாடக் கூடாது. விருந்தினராகச் சென்றவர் விருந்தினராகவே இருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னுதாரணம் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. மத்தேயுவின் நற்செய்தியில், பிறந்த குழந்தையை வணங்க வந்தவர்களாகச் சொல்லப்படுபவர்கள் சொந்த நாட்டார் அல்லர். எருசலேமில் வேதம் அறிந்தவர்கள் இருந்தார்கள். பிறக்க வேண்டிய ஊரையும் சரியாகவே சொன்னார்கள். ஆனால் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. புறப்பட்டு வந்தவர்கள் கீழ்த்திசை ஞானிகள். விண்மீனைப் பார்த்து வழியறிந்தவர்கள், வேறு நாட்டினர், வேறு வழிபாட்டினர். மூவர் என்பது கூட மரபாக வந்த எண்ணிக்கையே. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளைக் கொண்டு பின்னோர் கணக்கிட்டது. அவர்கள் வணங்கினார்கள், கொண்டுவந்ததைக் கொடுத்தார்கள், வேறொரு வழியாகத் தங்கள் நாட்டிற்குத் திரும்பினார்கள். அதன்பின் அவர்களைப் பற்றிய பேச்சே அந்த நூலில் இல்லை. எல்லா மக்களும் கிறிஸ்துவிடம் வருவதன் முன்னடையாளம் அது என்று திருச்சபை பொருள் கொள்கிறது. அது அவர்களது உரிமை. வாசிப்பவர் கண்ணில் படுவது இவ்வளவே: கிறிஸ்தவர் என்ற பெயர் தோன்றும் முன்பே, அயலார் சிலர் அந்தப் பிறப்பைப் போற்றினர், அவர்களை யாரும் தடுக்கவில்லை, தங்கிவிடும்படி வற்புறுத்தவுமில்லை.

கொடுக்கல் ஒரு பக்கம் மட்டும் நிகழ்ந்ததன்று. 1885-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், சியாம்புகூரில் நோயுற்றிருந்த குருதேவரைக் காண மிஸ்ரா என்ற கிறிஸ்தவர் வந்தார். வடமேற்கு இந்தியாவைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சகோதரர் ஒருவரின் திருமண நாளன்றே சகோதரர் இருவரை இழந்து உலகைத் துறந்தவர். அவர் அணிந்திருந்தது ஐரோப்பிய உடை. அதனடியில் இருந்தது காவி. ஏசுவிடம் கொண்ட பக்தியை அவரும் விடவில்லை, குருதேவரும் விடச் சொல்லவில்லை. இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்திலும் 1910-ஆம் ஆண்டு முதல் கிறிஸ்து உற்சவம் நடைபெற்று வருகிறது. உருவம் எதுவும் வைக்காத பிரம்ம சமாஜ மரபில், அங்குள்ள வழிபாட்டு மண்டபத்தில்.

ஆன்ட்பூர்த் துனியின் அருகில் அமர்ந்திருந்தவர்களில் சசியும் ஒருவர். சசியும் சரத்தும் முற்பிறவியில் ஏசுநாதரின் கூட்டத்தில் இருந்தவர்கள் என்று குருதேவர் சொல்லியதுண்டு. சுவாமி இராமகிருஷ்ணானந்தர் என்ற பெயருடன் அவர் 1897-இல் சென்னைக்கு வந்து மடத்தை நிறுவினார். 1908-ஆம் ஆண்டு சங்கத் தலைவரான சுவாமி பிரம்மானந்தர் அங்கு வந்து தங்கியிருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து மடத்திற்கு அருகே வசித்த சகோதரி தேவமாதாவிடம், கிறிஸ்து பிறப்பு விழாவை மேலைநாட்டு முறைப்படியே நடத்துமாறு அவர் கேட்டுக்கொண்டார். விழாவில் லூக்காவின் நற்செய்தியிலிருந்து பிறப்பு வரலாறு வாசிக்கப்பட்டது. வாசிப்பு முடிந்தபின் நெடுநேரம் மௌனம் நிலவியது. நீண்ட நீல அங்கி அணிந்த கிறிஸ்து பீடத்தின் முன் நின்றதையும் தம்முடன் பேசியதையும் பிரம்மானந்தர் பின்னர் தேவமாதாவிடம் தெரிவித்தார். என்ன பேசினார் என்பதை அவர் சொல்லவில்லை. தேவமாதாவும் தம் குறிப்பில் அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை.

ஆன்ட்பூரில் அந்த இடத்தில் இன்று நினைவு மண்டபம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 24-ஆம் தேதி இரவு, துறவியரும் பக்தர்களும் அங்கே கூடுகிறார்கள். மார்கழிக் குளிரில் போர்வைகளை இழுத்துப் போர்த்தியபடி ஊர் மக்களும் வந்து அமர்கிறார்கள். கட்டைகள் அடுக்கப்பட்டுத் துனி ஏற்றப்படுகிறது. தலை சாய்க்க இடமில்லாதிருந்தவரின் வரலாறு மறுபடியும் வாசிக்கப்படுகிறது. நெருப்பு தணியும்வரை அங்கிருந்து எழ மனமில்லாமல் சிலர் அமர்ந்திருக்கிறார்கள்.